இடிமழை மேகம் படத்தில் ஏன் வெறும் சாம்பலாகிவிடுகிறது?

ஈரச்சரிவு (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. மலைகளுக்கு மேல் இடிமழை திரண்டு வருவதைப் படமெடுக்க ஒரு வருடமாக முயன்று வருகிறேன். கண்ணால் பார்த்தது போல ஒரு படம்கூட இன்னும் வரவில்லை. போன வாரம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எங்கே தவறினேன் என்று சொல்லுங்கள்.

காலை பத்து மணிக்கு வானம் துடைத்துவைத்தது போல நீலமாக இருந்தது. பதினொன்றரை வாக்கில் எதிர்வரிசை முகடுகளுக்கு மேல் சின்னச் சின்னப் பஞ்சுப்பொதிகள் முளைத்தன. ஒரு மணிக்குள் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கோபுரமாக எழும்பின. இரண்டு மணிக்கு அடிப்பகுதி கருநீலமாகி, அதிலிருந்து மழை திரைபோல இறங்கியது. அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு முகடு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. எனக்குக் கை நடுங்கியது, அவ்வளவு அழகு.

16 மி.மீ. அகன்ற லென்ஸ், எஃப் 11 துளை, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 400, அபெர்ச்சர் முன்னுரிமை (துளையை நான் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா முடிவு செய்வது), முழுக் காட்சியையும் அளக்கும் மீட்டரிங். நாற்பது படம் எடுத்தேன். கணினியில் திறந்து பார்த்தால் மேகம் வெளிறிய சாம்பல், மலை அடியில் ஒரு கோடு. மென்பொருளில் டீஹேஸ் (மூட்டத்தை நீக்குவது), கான்ட்ராஸ்ட் எல்லாம் ஏற்றினேன். முகட்டை ஒட்டி வெள்ளை விளிம்பு ஒன்று முளைத்தது, மேகம் அழுக்குத் துணி மாதிரி ஆகிவிட்டது. எக்ஸ்போஷரை (உள்ளே விடும் ஒளியின் அளவை) குறைத்து எடுத்த நாலைந்து படங்களில் மேகம் பரவாயில்லை, ஆனால் மலை மொத்தமாகக் கறுப்பு.

போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்), கிராஜுவேட்டட் ஃபில்டர் (மேல்பாதி மட்டும் இருண்டது) எதையாவது வாங்கினால் இது சரியாகுமா? எதை வைத்து எக்ஸ்போஷர் அளப்பது? இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் நின்ற இடம் திறந்த முகடு. முதல் இடி கேட்ட பிறகும் இருபது நிமிடம் அங்கேயே நின்றேன். எப்போது இறங்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

---

மழைக்கோடு

ஃபில்டரை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மேகத்தின் கறுப்பை விவரித்திருக்கிறீர்கள், மழைத்திரையை விவரித்திருக்கிறீர்கள். வெயில் எங்கே இருந்தது என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. நானும் ஏழெட்டு வருடம் இதையேதான் செய்தேன். கறுப்பு எங்கே அதிகமோ அங்கே லென்ஸைத் திருப்புவேன்.

இடிமழை மேகம் தன்னளவில் கறுப்பு கிடையாது. அதே மேகத்தை மேலிருந்து பார்த்தால் கண் கூசும் வெள்ளை. உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான நீர்த்துளிகள் வெயிலை மேலேயும் பக்கவாட்டிலும் சிதறடித்துவிடுவதால் அடிப்பகுதிக்குக் கொஞ்சம்தான் ஒளி வந்து சேர்கிறது. பக்கத்தில் இருக்கும் வெளிச்சத்தோடு ஒப்பிட்டுத்தான் நம் கண் அதைக் கறுப்பு என்கிறது. அந்த வெளிச்சம் சட்டகத்துக்குள் இல்லாவிட்டால் கேமராவின் ஒளிமீட்டருக்கு ஒப்பிட ஒன்றுமில்லை. அது எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலுக்குக் கொண்டுவரும்படி செய்யப்பட்டது. மேகமும் இருள், மலையும் இருள் என்றால் இரண்டையும் தூக்கி வெளுக்கவைக்கும். உங்கள் நாற்பது படத்துக்கும் நடந்தது இதுதான்.

அதனால் நான் முதலில் தேடுவது கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் வெளிச்சத்தை. வெயில் படும் ஒரு கோபுரத்தின் காலிஃபிளவர் விளிம்பு, மேகத்தின் அடிக்கும் தொடுவானத்துக்கும் நடுவே கிடக்கும் ஒரு மஞ்சள் பட்டை, மழைத்திரை நடுவில் கிழிந்து வெளிச்சம் விழும் ஒரே ஒரு சரிவு. அது கிடைத்தால்தான் கேமராவை எடுப்பேன்.

அளப்பதும் அதை வைத்துத்தான். ஸ்பாட் மீட்டரை (ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளப்பது) மேகத்தின் மிக வெளிச்சமான பகுதியில் வைத்து, வரும் அளவுக்கு மேல் ஒன்றரை அல்லது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்டி, மேனுவலில் பூட்டிவிடுங்கள். வெள்ளை வெள்ளையாக நிற்கும், உள்ளே இழைகளும் இருக்கும், அடிப்பகுதி தானாகக் கருநீலத்துக்கு இறங்கிவிடும். இது என் கண்டுபிடிப்பில்லை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் அன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் உருவாக்கிய, கறுப்பு முதல் வெள்ளை வரை எண்ணிட்டுப் பிரிக்கும் ஸோன் முறையில் இருப்பதுதான். ஐந்தாவது ஸோன் நடுச்சாம்பல், ஏழாவது விவரம் கலையாத வெளிச்சம். ஆனால் டிஜிட்டலில் ஒரு வேறுபாடு உண்டு. நெகட்டிவ் ஃபிலிமுக்கு நிழலைக் காப்பாற்ற வேண்டும், சென்ஸாருக்கு வெளிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும். எரிந்துபோன வெள்ளையில் இருந்து எதையும் மீட்க முடியாது. நிழலை ரா கோப்பில் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) இருந்து இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கலாம். அதற்காகவே ஐஎஸ்ஓ 400 வேண்டாம், 100 வையுங்கள். மலை கறுப்பாக வந்தது என்ற கவலையும் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து லென்ஸ். 16 மி.மீ. மீது எனக்குக் கோபமே உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேகம் 12 கிலோமீட்டர் உயரம், நீங்கள் 20 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். அது உங்கள் கண்ணில் எடுத்துக்கொள்ளும் கோணம் ஏறக்குறைய 31 டிகிரி. ஃபுல் ஃப்ரேமில் (36×24 மி.மீ. சென்ஸார் உள்ள கேமரா) 50 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தால் 40 டிகிரி கிடைக்கிறது, அடிமுதல் முடிவரை மொத்தமும் அடங்கிவிடும். 16 மி.மீ. லென்ஸைப் படுக்கைவாட்டில் பிடித்தாலும் அது மேலிருந்து கீழாக 74 டிகிரி எடுத்துக்கொள்வதால் அந்த மலையளவு மேகம் படத்தில் பாதி உயரம்கூட வராது, முகடுகள் எறும்பு வரிசை ஆகிவிடும். மேகம் தலைக்கு மேலேயே வந்துவிட்டால்தான் அகன்ற லென்ஸுக்கு வேலை. அப்போது நீங்கள் அங்கே இருக்கக் கூடாது.

என்னிடம் சுவரில் மாட்டிய படம் ஒன்றே ஒன்றுதான். 135 மி.மீ.யில் எடுத்தது. மதியம் முழுக்க மழை, வண்டிக்குள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கூட வந்தவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். ஐந்தே முக்காலுக்கு மேகம் என்னைக் கடந்து எதிர்ப்பக்கம் போனது, சூரியன் என் முதுகுக்குப் பின்னால் மேகத்துக்குக் கீழே இறங்கியது. நனைந்த பாறை முகடு ஒன்று மட்டும் செம்பு நிறத்தில் எரிந்தது. அதற்குப் பின்னால் வானம் முழுக்க மைநீலம். நான்கு நிமிடம் இருக்கும், அவ்வளவுதான். மழையின் நடுவில் நீங்கள் எடுப்பது ஈரம். இந்த ஒளி தொடக்கத்திலும் முடிவிலும்தான் வரும்.

எந்தக் கட்டத்தில் மேகம் இருக்கிறது என்பதை அதன் உச்சியே சொல்லிவிடும். 1946, 47-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வானிலை ஆய்வாளர்கள் ஹோரஸ் பையர்ஸும் ராஸ்கோ பிரஹாமும் இடிமழைகளுக்குள்ளேயே விமானங்களைப் பறக்கவிட்டு ஆராய்ந்து, ஒவ்வொரு இடிமழைக் கூட்டுக்கும் (இடிமழையின் தனி அலகு) வளர்வது, முதிர்வது, கலைவது என்று மூன்று கட்டங்கள் இருப்பதைக் காட்டினார்கள். தனிக் கூடு ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உச்சி கூர்மையாக, செதுக்கியது போல இருந்தால் இன்னும் வளர்கிறது. விளிம்பு நூல்நூலாகப் பிரிந்து மங்கினால் மேலே துளிகள் பனித்துகளாகிவிட்டன, மழை தொடங்கிவிட்டது என்று பொருள். உச்சி பட்டறைக்கல் போலப் பக்கவாட்டில் பரவினால் முதிர்ந்துவிட்டது. நீங்கள் பதினொன்றரைக்கும் ஒரு மணிக்கும் நடுவில் எத்தனை படம் எடுத்தீர்கள்? என் ஊகம், ஒன்றுகூட இல்லை. செதுக்கிய விளிம்பும் வெயிலும் சேர்ந்து இருந்த நேரம் அதுதான்.

---

கணவாய்க்காற்று

மழைக்கோடு எழுதியதில் ஒளி பற்றி நான் சேர்க்க எதுவுமில்லை. இருபது நிமிடம் முகட்டில் நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. மலையேற்றக் குழுக்களை அழைத்துச் செல்வது என் வேலை, அதனால் நேராகவே சொல்கிறேன். முதல் இடி காதில் விழுந்தால் நீங்கள் ஏற்கெனவே மின்னலின் எல்லைக்குள் இருக்கிறீர்கள். இருபது நிமிடம் என்ற பேச்சே கிடையாது, ட்ரைபாட்டை மடக்கி இறங்க வேண்டும்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியும்வரை திரும்பி ஏறக் கூடாது. பட்டறைக்கல் போலப் பரவிய உச்சியில் இருந்து புறப்படும் மின்னல், மழை பெய்யாத இடத்திலும் 15 கிலோமீட்டருக்கு அப்பாலும் விழலாம். தலைக்கு மேல் நீல வானம் இருக்கிறதே என்று நிற்பவர்களைத்தான் அது பிடிக்கிறது. மலையில் எதிரொலி, பள்ளத்தாக்கின் திருப்பம், காற்றின் திசை எல்லாம் சேர்ந்து இடியை அமுக்கியும் விடும். கேட்கவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

திடீரென்று குளிர்காற்று முகத்தில் அடித்தால் அது மழையால் குளிர்ந்து மேகத்திலிருந்து கீழே விழுந்து பரவும் காற்று. இடிமழையின் முன்விளிம்பு வந்துவிட்டது. அலமாரித் தட்டு போலத் தாழ்வாக நீண்டு வரும் மேகம் அதற்கு மேல்தான் உருவாகிறது. அந்தக் காட்சியை எடுக்க ஆசை வரும், எனக்கும் வரும். காற்று வருவதற்கு முன் எடுத்த படம்தான் உங்களுடையது. அப்புறம் எடுப்பதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. முடி குத்திட்டு நின்றாலோ, ட்ரைபாட் ரீங்காரம் செய்தாலோ அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடுங்கள். கேமராவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

எங்கே போவது? தனிமரத்தடி, பாறை நீட்டலுக்குக் கீழே, குகை வாய் மூன்றும் வேண்டாம். உலோகக் கூரை உள்ள வண்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தால், மின்னலுக்கு நல்ல காப்பு. டயரின் ரப்பரால் என்று பலர் நினைக்கிறார்கள். மின்சாரம் உலோக உடலின் வெளிப்புறம் வழியாகத் தரைக்குப் போய்விடுவதுதான் காரணம். வண்டியை ஓடைப் படுகையில் மட்டும் நிறுத்தாதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை, உங்கள் தலையில் ஒரு துளி விழாமலேயே வெள்ளமாக வந்து சேரும்.

மழைக்கோடு சொன்ன 20 கிலோமீட்டர், 50 மி.மீ. கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. நல்ல படம் கிடைக்கும் தூரமே ஓரளவு நல்ல தூரமாகவும் இருக்கிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் வண்டி போகும் சாலை ஓரமாக ஓர் இடத்தை முந்தைய நாளே பார்த்துவைத்துவிடுங்கள். முகட்டில் ஏற வேண்டுமென்றால் விடியலில் ஏறி, உச்சிவெயிலுக்குள் இறங்கிவிடுங்கள். வெயில் சரிவுகளைச் சூடாக்கி, சூடான காற்று சரிவில் ஏறி, முகட்டுக்கு மேல் மேகமாகத் திரள்வதால் மலையில் இது பெரும்பாலும் மதியத்து வேலை. நீங்கள் எழுதிய நேரங்களும் அதையேதான் காட்டுகின்றன.

---

ஈரச்சரிவு

இருவருக்கும் நன்றி. கணவாய்க்காற்று, உங்கள் பதிலைப் படித்தபோது அன்று என் கை நடுங்கியது அழகால் மட்டும்தானா என்று யோசித்தேன். காற்று குளிர்ந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இனி முதல் இடிக்கு இறங்கிவிடுவேன்.

மழைக்கோடு, உங்கள் ஊகம் ஏறக்குறைய சரி. பதினொன்றரைக்கும் ஒரு மணிக்கும் நடுவில் மூன்றே படம் எடுத்திருக்கிறேன், அதுவும் ட்ரைபாட்டைச் சரிபார்க்க. இப்போது திறந்து பார்க்கிறேன், நாற்பத்துமூன்றில் அவைதான் நன்றாக இருக்கின்றன. விளிம்பு வெட்டியெடுத்தது போல இருக்கிறது. இரண்டு சந்தேகம் பாக்கி. முகட்டை ஒட்டி வந்த வெள்ளைக் கோட்டை எப்படித் தவிர்ப்பது? மூன்று எக்ஸ்போஷர் எடுத்து இணைத்தால் ஃபில்டரே வேண்டாமா?

---

மழைக்கோடு

வெள்ளைக் கோடு டீஹேஸும் கிளாரிட்டியும் செய்வது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வேறுபாட்டைக் கூட்டுவதுதான் அவற்றின் வேலை. கறுத்த முகடும் வெளிச்ச வானமும் சந்திக்கும் இடத்தில் அந்த வேறுபாடு ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதால் விளிம்பு வெடித்துவிடுகிறது. வானத்தை மட்டும் மாஸ்க் செய்து (தனியே தேர்ந்தெடுத்து), முகட்டுக்குச் சற்று மேலேயே மாஸ்க் மெல்லத் தேயும்படி விட்டு, டீஹேஸுக்குப் பதில் கர்வ் (வெளிச்ச அளவுகளை மாற்றும் வளைகோடு) வைத்து அதன் கீழ்ப்பகுதியை, அதாவது இருண்ட பகுதிகளை, கொஞ்சம் இறக்குங்கள். மேகத்தின் நடுத்தர வெளிச்சப் பகுதிகளில் மட்டும் கான்ட்ராஸ்ட் வேண்டும். அடிப்பகுதியை முழுக் கறுப்பாக்காதீர்கள். அந்த நீலத்துக்குள் தெரியும் இழைகள்தான் இடிமழையின் உடம்பு. வொயிட் பேலன்ஸைத் (நிறச் சமன்) தானியங்கியில் விட்டால் கேமரா அந்த நீலத்தைக் குறையென்று நினைத்துத் திருத்திவிடும். 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள்.

மூன்றை இணைக்கும் மென்பொருளை நான் மேகத்துக்குப் பயன்படுத்துவதில்லை. வளரும் கோபுரம் கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, இணைத்த படத்தில் விளிம்புகள் இரட்டையாகி மழுங்கிவிடும். வானத்துக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என இரண்டு படம் ட்ரைபாட்டில் எடுத்து, வானம் முழுவதையும் முதல் படத்தில் இருந்தே எடுத்து முகட்டுக் கோட்டில் கையால் ஒட்டுவேன். பெரும்பாலும் அதுவும் வேண்டியிருப்பதில்லை. ஐஎஸ்ஓ 100-இல் ஒரே ரா கோப்பு போதும். கிராஜுவேட்டட் ஃபில்டரின் கோடு நேரானது, மலை நேரானதில்லை. சிகரங்களின் தலை மட்டும் கறுத்துப்போகும். மென்விளிம்பு உள்ளதாக இருந்தால் ஒரு தாழ்ந்த மலைத்தொடருக்கு உதவலாம்.

போலரைசர் தடித்த மேகத்தின் அடியில் ஒன்றும் செய்யாது, ஒரு ஸ்டாப்புக்கு மேல் ஒளியைத்தான் தின்னும். சூரியனுக்கு 90 டிகிரியில் நீல வானம் தெரியும்போது வெள்ளைக் கோபுரத்தைத் தூக்கிக் காட்டும். மழைக்குப் பின் நனைந்த பாறையின் பளபளப்பைக் குறைக்கவும் உதவும். அகன்ற லென்ஸில் போட்டால் வானம் பாதி கறுத்துப் பாதி வெளுத்து நிற்கும்.

ஷட்டரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நீண்ட எக்ஸ்போஷரில் மேகம் பட்டுப்போல வழுக்கும் படங்கள் நிறைய வருகின்றன. எனக்கு அவை பிடிப்பதில்லை. இடிமழையின் பலம் அதன் முடிச்சுகளிலும் மடிப்புகளிலும் இருக்கிறது, அதைத் தேய்த்து அழிப்பானேன்? 1/125 விநாடியைவிட மெதுவாகப் போகாமல் பாருங்கள். மின்னலுக்கு மட்டும் விதிவிலக்கு. பார்த்த பிறகு அழுத்தினால் பெரும்பாலும் தப்பிவிடும். இருட்டிய பின் வண்டிக்குள்ளிருந்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, பத்துப் பதினைந்து விநாடி என்று தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டே இருங்கள். ஃபோகஸைப் பகலிலேயே தூர முகட்டில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வெறும் மேகத்தில் ஆட்டோஃபோகஸ் தடவிக்கொண்டே இருக்கும்.

---

தூறல்வேளை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் கேமரா இல்லை, கைப்பேசியில்தான் எடுக்கிறேன். மேலே சொன்னதை அதிலும் செய்யலாம் என்பதற்காக எழுதுகிறேன். திரையில் மேகத்தின் வெளிச்ச விளிம்பைத் தொட்டு, பூட்டு வரும்வரை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியை வெள்ளை எரியாத அளவுக்குக் கீழே இழுத்தால் போதும். முதன்மை லென்ஸையோ இரண்டு மடங்கு லென்ஸையோ வைத்து, கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடிப்பேன். அரை மடங்கு (0.5) அகன்ற லென்ஸை மட்டும் தொடுவதில்லை. மழைக்கு முன் லென்ஸைத் துடைத்துவிடுங்கள். சட்டைப்பையில் இருந்து எடுக்கும்போது விரல் ரேகை ஒட்டியிருந்தால் வெளிச்ச விளிம்பு முழுவதும் புகைபோல ஆகிவிடும். எனக்கு ஒரு மழைக்காலமே அப்படிப் போனது.

---

ஈரச்சரிவு

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பக்கத்துப் பள்ளத்தாக்குச் சாலையில் ஓர் இடம் கண்டுபிடித்தேன், மலைத்தொடர் அங்கிருந்து பக்கவாட்டில் நீளமாகத் தெரிகிறது. நேற்று 85 மி.மீ. மட்டும் எடுத்துப்போனேன். பன்னிரண்டே காலுக்கு இரண்டாவது சிகரத்துக்குப் பின்னால் ஒரு கோபுரம் எழுந்தது. விளிம்பில் அளந்து ஒன்றே முக்கால் ஸ்டாப் கூட்டிப் பூட்டினேன். 1/640, எஃப் 8, ஐஎஸ்ஓ 100. பன்னிரண்டு ஐம்பதுக்கு மின்னல், எண்ணினேன், இருபத்துநான்கில் இடி. வண்டிக்குள் போய்விட்டேன்.

மாலை வெளிச்சம் வரவில்லை, மழை இருட்டும்வரை விடவில்லை. ஆனால் பன்னிரண்டரைக்கு எடுத்த ஒன்று இருக்கிறது. கோபுரத்தின் வலது விளிம்பு வெள்ளை, அடி நீலம், சிகரத்தின் இடது தோளில் மட்டும் வெயில். நிழலை ஒன்றரை ஸ்டாப் தூக்கினேன், வேறு எதையும் தொடவில்லை. மழைக்கோடு, உங்கள் ஐந்தே முக்கால் வெளிச்சத்துக்காக நாளையும் அதே இடத்துக்குப் போகிறேன்.